ஏழாவது மீட்டர்

பிப்ரவரி 19, 2024
ஹில்யா ஏரி நிலையம்

மதியம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தேன். ரைமோ அடுப்பை மூட்டி வைத்திருந்தார். தண்ணீர்க் குழாய் உறைந்து போயிருந்தது. சுடுநீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி ஒரு மணி நேரத்தில் திறந்தோம். வீட்டிலிருந்து பிலோமினா கொடுத்தனுப்பிய அரிசி, கருவாட்டுப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. நுண்ணோக்கியின் புது விளக்குதான் வழியில் உடைந்துவிட்டது. பழையதை வைத்தே ஓட்ட வேண்டும்.

இந்த ஏரிக்கு இது என் பதினைந்தாவது குளிர்காலம். பிப்ரவரியில் வந்து, ஏரி உருகும் மே மாதம் வரை இருப்பேன். வாரம் இருமுறை பனிப்பாளத்தில் துளை போட்டு, ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் எடுத்து, அதில் மிதக்கும் நுண்பாசிகளை எண்ணுவதுதான் வேலை. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. தூத்துக்குடியில் கடலைப் பார்த்து வளர்ந்தவன் பின்லாந்தில் உறைந்த ஏரியைப் பார்த்து மூப்படைந்திருக்கிறேன்.

இந்த ஆண்டோடு திட்டம் முடிகிறது. ஜூனில் இறுதி அறிக்கை தர வேண்டும். பதினான்கு ஆண்டுகளில் பதின்மூன்றுக்குக் கணக்கு முழுமையாக இருக்கிறது. 2017 மட்டும் கிடையாது. அந்த ஆண்டு மாதிரி எடுத்த முறையில் பிழை நேர்ந்துவிட்டது.

பிப்ரவரி 22

பாளம் 52 சென்டிமீட்டர். மேலே வெண்பனி அறவே இல்லை. ஜனவரியில் பெய்த மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டதாம். கீழே பார்த்தால் ஜன்னல் கண்ணாடி போலக் கறுப்பாகத் தெரிகிறது. இப்படி ஒரு பாளத்தை நான் இங்கே ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் எதிர்பார்த்ததுதான் இருக்கிறது. வால் உள்ள சிறு பாசிகள், மில்லிலிட்டருக்கு நூறு நூற்றைம்பது. அவற்றால் நீந்த முடியும். மேலே பாளத்தை ஒட்டி, இருக்கிற கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்துக்கிடக்கின்றன. டயட்டம் என்ற இன்னொரு வகைப் பாசி எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது. டயட்டத்துக்குக் கண்ணாடி ஓடு, கனம், நீந்தத் தெரியாது. கோடையில் காற்று ஏரியைக் கலக்கும்போது மிதக்கும். பாளம் மூடியதும் காற்று தண்ணீரைத் தொடாது, தண்ணீர் அசையாது, டயட்டம் அடியில் போய்ப் படுத்துவிடும். பதினைந்து ஆண்டுகளாக நான் எழுதிவருவது இதைத்தான்.

மார்ச் 1

விறகு பிளந்தேன். கை வலிக்கிறது.

மார்ச் 7

வெயில் ஏறுகிறது. பகலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் ஏரியில் நிற்க முடியவில்லை. ஒளிமானியை இறக்கினேன். மூன்று மீட்டர் ஆழத்தில் அவ்வளவு வெளிச்சம் காட்டிய எண்ணைப் பார்த்து, கருவி பழுதோ என்று துடைத்து மறுபடி இறக்கினேன். பழுது இல்லை.

மார்ச் 11

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

மார்ச் 12

ஏழாவது மீட்டர் தண்ணீரில் டயட்டம். மில்லிலிட்டருக்கு எழுநூற்றுச் சொச்சம் சங்கிலிகள், வரிசையாக ஒட்டிக்கொண்ட உயிரணுக்கள். செத்த ஓடுகள் அல்ல. உள்ளே பொன்னிறப் பசுமை நிறைந்தவை.

முதலில் தண்ணீர் எடுக்கும் புட்டி அடிச்சேற்றைத் தொட்டிருக்கும் என்று நினைத்தேன். ஏரி இங்கே பதினான்கு மீட்டர் ஆழம், ஏழில் நிறுத்திய புட்டிக்குச் சேறு எங்கிருந்து வரும்? பிறகு துளை போடும்போது கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். இருநூறு மீட்டர் தள்ளிப் புதுத் துளை போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, புட்டியை மூன்று முறை அலசி எடுத்தேன். எண்ணூறு.

மார்ச் 14

ரைமோவைப் பற்றி எழுதவேண்டும். அறுபத்து மூன்று வயது. நிலையத்தின் உதவியாளர், ஓட்டுநர், தச்சர் எல்லாம் அவர்தான். பேசமாட்டார். நான் பிட்டு அவித்துக் கொடுத்தாலும் அதே முகம், உருளைக்கிழங்கு கொடுத்தாலும் அதே முகம்.

இன்று மதியம் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். பார்க்கலாமா என்று கேட்டார். நகர்ந்து இடம் கொடுத்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "வஞ்சி சொன்னது இதுதானே?" என்றார்.

நான் அடுத்த கண்ணாடிச் சில்லை எடுத்துத் துடைத்தேன். அவர் வெளியே போய்த் துளையிடும் கருவிக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார்.

மார்ச் 15

வஞ்சிக்கொடி. ஈரோட்டுக்காரர். 2015-இல் ஆய்வாளராக வந்து என் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது, முனைவர் பட்டம் முடித்திருந்தார். இந்த நிலையத்தில் இரண்டு குளிர்காலம் இருந்தார். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். பிலோமினா வைக்கும் மீன்குழம்புக்கு அவர் கொங்குநாட்டுப் பாணியில் குறை சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

2017-இல் பாளம் இப்படித்தான் கறுப்பாக இருந்தது. மார்ச் மாதம் அவர் ஏழாவது மீட்டரில் டயட்டம் எண்ணினார். வெயில்தான் காரணம் என்றார். தண்ணீர் நான்கு பாகை வரும்வரை, சூடேறினால் கனக்கும். வெண்பனி இல்லாத பாளத்தின் வழியே வெயில் இறங்கி மேல்தண்ணீரைச் சற்றே சூடாக்குகிறது. அது கனத்துக் கீழே இறங்குகிறது. கீழே உள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. காற்றே இல்லாமல் ஏரி தன்னைத்தானே கலக்கிக்கொள்கிறது, அந்தச் சுழற்சியில் டயட்டம் மிதக்கிறது என்றார்.

யோசித்துப் பார்த்தால் பள்ளிக்கூட இயற்பியல். அப்படிக் கலங்கினாலும் கனமான சங்கிலியைத் தாங்கும் அளவுக்கு வேகம் இருக்காது என்று நான் சொன்னேன். மாதிரி எடுத்ததில் பிழை என்று முடிவாயிற்று. அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஊருக்குப் போய்விட்டார்.

மார்ச் 18

வெப்பமானி வரிசையை இறக்கினோம். ஒரே கயிற்றில் அரை மீட்டருக்கு ஒன்றாக இருபத்தெட்டு வெப்பமானிகள். நான்கு நாள் கழித்து எடுத்தால் தண்ணீர் அசைந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

2017-இல் வஞ்சி இந்தக் கருவியைத்தான் கேட்டார். வேறொரு ஏரிக்குத் தேவைப்படுகிறது என்று நான் சொன்னதாக நிலையப் பதிவேட்டில் இருக்கிறது.

வேறு ஏரிக்கு அது போகவில்லை. சாமான் அறையில் மேல் தட்டில் இருந்தது.

மார்ச் 20

பிலோமினா கூப்பிட்டாள். மகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டதாம். பேச்சுவாக்கில் வஞ்சியின் எண் இருக்கிறதா என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வருமே, இல்லாமல் எங்கே போகும் என்றாள். எனக்குத் தெரியாது. ஏழு வருடமாக அவர்கள் இருவரும் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். வஞ்சி கோபிச்செட்டிப்பாளையத்தில் சின்னதாக ஒரு பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறாராம். மீன்குட்டை வைத்திருப்பவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாசி பார்த்துச் சொல்வார். எப்போது மோட்டார்ச் சக்கரம் ஓட்டித் தண்ணீரைக் கலக்கவேண்டும் என்று சொல்வார்.

எதற்கு எண் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 22

வெப்பமானிகளை எடுத்தேன். காலை ஒன்பது மணிக்கு மேல்தண்ணீர் சூடேறத் தொடங்குகிறது. பதினொன்றுக்கெல்லாம் ஒன்றரை மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரை ஒரே வெப்பம். மாலையில் ஓய்ந்துவிடுகிறது. மறுநாள் காலை மறுபடி. நான்கு நாளும் அப்படியே. வரைபடத்தைப் பார்த்தால் ஏரி மூச்சு விடுவது போல இருக்கிறது.

டயட்டம் 1,840.

மாலை அறிக்கையின் முதல் பத்தியை எழுதிப் பார்த்தேன். 'பனிப்பாளத்தின் அடியில் வெயிலால் நிகழும் கலக்கத்தை நாங்கள் முதன்முறையாக இந்த ஏரியில் கண்டறிந்தோம்.' வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 24

குருத்தோலை ஞாயிறு. அதிகாலையிலிருந்து பனி கொட்டுகிறது. மாலைக்குள் பதினெட்டு சென்டிமீட்டர். ஏரி முழுக்க வெள்ளை.

ரைமோ பாதி ஏரியை மட்டும் வழித்துவிடலாமா என்று கேட்டார். வழித்த பாதியில் வெயில் இறங்கும், மறு பாதி இருட்டாக இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று அவர் விளக்கவில்லை; விளக்க வேண்டியதும் இல்லை. வேண்டாம், எண்ணிக்கை போதும் என்றேன்.

மார்ச் 25

காலையில் எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்தேன். ரைமோ பனி வழிக்கும் தகட்டை வண்டியில் பூட்டி ஏரியின் கிழக்குப் பாதியைச் சுத்தமாக வழித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு உள்ளே வந்து காப்பி குடித்தார். மீன்பிடிக்க வருபவர்களுக்கு வழி வேண்டும் என்றார். இந்த ஏரிக்கு மீன்பிடிக்க யாரும் வருவதில்லை.

மார்ச் 26

இரண்டு பக்கமும் துளை போட்டேன். கிழக்கு 1,790. மேற்கு 1,310.

மார்ச் 28

கிழக்கு 1,850. மேற்கில் ஏழாவது மீட்டரில் எதுவுமே இல்லை என்று சொல்லலாம். 90. பனி விழுந்து நான்கே நாள். மேற்குப் பாதியில் தண்ணீர் நின்றுவிட்டது, சங்கிலிகள் எல்லாம் அடிக்குப் போய்விட்டன. பதின்மூன்றாவது மீட்டரில் புட்டியை இறக்கி எடுத்தால் கூழாக வருகிறது. கிழக்கில் வெயில் விழுகிறது, தண்ணீர் சுழல்கிறது, மிதக்கின்றன.

ஒரே ஏரி. ஒரே நாள். இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மார்ச் 31

ஈஸ்டர். அருகிலுள்ள கோவிலே நாற்பது கிலோமீட்டர். பாதை மோசம் என்று போகவில்லை. போயிருந்தால் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டி வந்திருக்கும். பாதையைச் சாக்குச் சொன்னேன் என்பதே சரி. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

2017 மார்ச் 21 அன்று வஞ்சி எண்ணிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். புட்டி சேற்றில் பட்டிருக்கும் என்றேன். "மண்ணுத் துகள் ஒண்ணுகூட இல்லைங்க சார், வந்து ஒருக்காப் பாருங்க" என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

மார்ச் 24, வெள்ளிக்கிழமை, குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அவர் நகரத்துக்குப் போயிருந்தார். ரைமோவும் அவரை அழைத்துக்கொண்டு போயிருந்தார். நான் தனியாக ஏரிக்குப் போனேன். நானே துளை போட்டேன். நானே புட்டியை அலசி ஏழாவது மீட்டரில் தண்ணீர் எடுத்தேன். வந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்.

இருந்தன. ஒரு பார்வையில் முப்பது நாற்பது சங்கிலிகள். எல்லாம் உயிருள்ளவை. மண்ணுத் துகள் ஒன்றுகூட இல்லை.

அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணாடிச் சில்லைக் கழுவினேன். புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். பதிவேட்டில் எழுதவில்லை.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். 'இவருடைய மாதிரி எடுக்கும் முறையை நம்புவதற்கில்லை' என்பது என் வாக்கியம். நானே யோசித்து எழுதியது. அவர் போன பிறகு, இலையுதிர்காலத்தில், அவருடைய நாற்பத்திரண்டு புட்டிகளையும் கொட்டிவிடும்படி ரைமோவிடம் சொன்னேன். அலமாரியில் இடம் வேண்டும் என்றேன்.

ஏன் செய்தேன் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்கு நானே பல பதில் சொல்லியிருக்கிறேன். அந்த ஏப்ரலில் திட்ட மறுஆய்வு வந்தது. என் கட்டுரைகள் எல்லாம் அசையாத தண்ணீர் என்ற ஒன்றின் மேல் நின்றன. நம்மூர்ப் பெண் என்பதால் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுகூட ஒரு பதில் வைத்திருந்தேன். அது எனக்கு மிகவும் பிடித்த பதில், ஏனென்றால் அதில் நான் நேர்மையானவனாகத் தெரிந்தேன். எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது வேறு. ஏழு குளிர்காலம் நான் பார்க்காததை அவர் இரண்டாவது குளிர்காலத்தில் பார்த்துவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

மதியம் ரைமோ முட்டைக்குச் சாயம் அடித்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

வஞ்சியின் எண்ணை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை. கூரை ஒழுகுகிறது, வாளி வைத்தேன்.

ஏப்ரல் 3

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். அங்கே பன்னிரண்டரை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

அமலதாஸ் பேசுகிறேன் என்றேன். யாரிடமோ மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பிறகு, "சொல்லுங்க சார்" என்றார்.

கறுப்புப் பாளம், ஒளிமானி, வெப்பமானி, வழித்த பாதி, வழிக்காத பாதி எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், பாடம் ஒப்பிப்பது போல. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏழாவது மீட்டர்லயுங்களா?"

"ஏழுல அதிகம். எட்டு வரைக்கும் இருக்கு."

"ம்."

உங்கள் 2017 நோட்டை அனுப்புங்கள், இரண்டு ஆண்டையும் சேர்த்துக் கட்டுரையாக்கலாம், உங்கள் பெயர் முதலில் வரும் என்றேன்.

"அந்த நோட்டு இல்லீங்க சார். வீடு மாத்தறப்ப பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன். தப்புன்னு ஆன நோட்ட எதுக்கு வெச்சிருக்கறது?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நோட்டு இல்லை. புட்டி இல்லை. அந்த ஆண்டின் எண்ணிக்கை உலகத்தில் எங்கேயும் இல்லை.

அப்புறம்தான் சொன்னேன். "வஞ்சி, அந்த மார்ச் இருபத்து நாலாந் தேதி நீங்க டவுனுக்குப் போயிருந்திய. நான் தனியா போய் எடுத்துப் பாத்தேன். எல்லாம் இருந்துச்சு. நான் பாத்தேன்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குச் சாயந்தரம் வந்து நான் கேட்டேனுங்க. சார், போய்ப் பாத்தீங்களான்னு. நேரமில்லைன்னீங்க."

"ஆமா."

"ரெண்டு வருசம் நான் தப்பா எண்ணிட்டேன்னே நெனச்சிட்டிருந்தேன். என்ற கண்ணையே நான் நம்பலைங்க சார். இப்பவும் இங்க குட்டத் தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்கன்னா ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாப்பேன். கூட வேலை செய்யற பொண்ணு சிரிக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். பெயர் விஷயத்துக்குத்தான் பதில் சொன்னார்.

"என் பேரு வேண்டாங்க. நான் எண்ணாத எண்ணுக்குக் கீழ என் பேரு எதுக்கு? நான் எண்ணுனதுதான் இல்லாமப் போச்சே."

பிறகு, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "ஒண்ணு செய்யுங்க. அந்த இருபத்து நாலாந் தேதி பாத்ததை எழுதிக் குடுங்க. என்னை நம்பறதுக்கில்லைன்னு எங்க எழுதுனீங்களோ, அங்கயே எழுதிக் குடுங்க."

குட்டைக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது கேட்டது.

ஏப்ரல் 5

பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். என் இரண்டு கட்டுரைகளை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். இரண்டும் ஒவ்வொரு பக்கம். முதலில் ஐந்து பக்கம் வந்தது. என் பக்கத்து நியாயங்களை அடித்த பிறகு ஒரு பக்கம் மிஞ்சியது.

ரைமோவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். புட்டிகளைக் கொட்டும்போது ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்த தேதியைப் படித்துப் பார்த்துத்தான் கொட்டினேன் என்றார். அழகான கையெழுத்து என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்றார். இந்த மனிதர் என்னிடம் இவ்வளவு பேசியது இதுவே முதல் முறை.

ஏப்ரல் 7

பிலோமினாவிடம் சொன்னேன். கடிதம் போன பிறகுதான் சொன்னேன். முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினாள்.

"அந்தப் பிள்ளை ஊருக்குப் போறதுக்கு மொத நாள் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. நீங்க இல்ல. அடுக்களையில நின்னு அழுதுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சார் தப்பா சொல்ல மாட்டாவ, அவ்வோ சொன்னா சரியாத்தான் இருக்கும், மனசத் தேத்திக்கோன்னு சொன்னேன். என்னையும் சேத்துல்லா பொய் சொல்ல வச்சிட்டிய."

மகளிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 9

ஓடை வந்து சேரும் இடத்தில் பாளம் மெலிந்துவிட்டது. ரைமோவின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கயிறு கட்டியிருந்ததால் இழுத்துவிட்டேன். இனி வண்டி ஏரிக்குள் போகக் கூடாது. மாதிரிகளை முதுகில் சுமந்து வருகிறோம்.

கிழக்கு 2,060. மேற்கில் பனி உருகத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் மறுபடி அசைகிறது, ஆனால் மிதக்க எதுவும் மிச்சமில்லை. அடியில் போய்ப் படுத்தவற்றை இந்த மெல்லிய சுழற்சியால் தூக்க முடியவில்லை.

ஏப்ரல் 18

திரை வழியாகக் கூட்டம். பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்து பேர். மரியாதையாகவே பேசினார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

முடிவு: குழுத் தலைமையிலிருந்து நான் இன்றே விலக வேண்டும். இறுதி அறிக்கையை வேறொருவர் எழுதுவார். என் எண்ணிக்கைகளை ஒப்படைக்க வேண்டும். 2017 கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பல்கலைக்கழகம் வஞ்சிக்கு எழுத்தில் தெரிவிக்கும். கட்டுரைகள் இரண்டுக்கும் திருத்தக் குறிப்பு வரும். ஆனால் 2017 எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பாகச் சேர்க்க முடியாது. நோட்டும் இல்லை, மாதிரியும் இல்லை, ஒருவருடைய நினைவு மட்டும் இருக்கிறது, அதுவும் மறைத்தவருடைய நினைவு என்றார்கள். சரிதான். அந்த ஆண்டுக்கு எதிரே கோடுதான் இருக்கும்.

ஓர் அம்மையார் கேட்டார், ஏழு ஆண்டு கழித்து இப்போது ஏன் என்று. இப்போது சான்று கையில் இருப்பதால் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எனக்கே உறைத்தது. இந்தக் குளிர்காலமும் வழக்கம்போல் வெண்பனி பெய்து ஏரி இருட்டாகவே இருந்திருந்தால், நான் அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒன்றையும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 21

மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. கேட்டுவிட்டு, வஞ்சி அக்காதான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள் என்றாள். இதுவும் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 29

பாளம் ஊசி ஊசியாகப் பிளந்து மிதக்கிறது. தொட்டால் கண்ணாடி வளையல் குலுங்குவது போலச் சத்தம். கடைசி மாதிரியைக் கரையிலிருந்து படகுத் துறையில் நின்று எடுத்தேன்.

பெட்டிகளைக் கட்டினேன். பதிவேடுகள் பதினைந்தும் ஒரு பெட்டியில். 2017 பதிவேட்டைத் திறந்து, மார்ச் 24 என்ற பக்கத்தில், நான் அன்று கண்டதை இன்றைய தேதியிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே 3

ஏரி திறந்துவிட்டது. காலையில் காற்று அடித்தது, அலை எழுந்தது. ரைமோ என்னைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். கைகொடுத்தார். போய் வாருங்கள் என்று சொல்லவில்லை. இனி வர வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மே 16
வீடு

பிலோமினா பேசுகிறாள். சமைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு மட்டும் வைப்பதில்லை.

பல்கலைக்கழகத்தின் கடிதம் வஞ்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அலுவலகத்திலிருந்து தெரிவித்தார்கள். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எடுத்துவந்த மாதிரிகளை எண்ணித் தருகிறேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை.

ஜூன் 4

மதியம் எண்ணிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. வஞ்சி. வணக்கம், நலமா ஒன்றும் இல்லை. ஒரே வரி.

"பனி விழுந்து எத்தன நாள்ல அடியில போய்ச் சேந்துச்சுங்க?"

கையைத் துடைத்துக்கொண்டு, நாலு நாள் என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நான் அன்னைக்கு அஞ்சுன்னு கணக்குப் போட்டிருந்தேன்."

வெப்பமானி இல்லாமல், பாதி ஏரியை வழித்துக்கொடுக்க ஆள் இல்லாமல், ஒரு பனிகூட விழாத அந்த வருடத்தில், அவர் அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார். நான் கேட்டதே இல்லை.